புதுக்குதிரை கூட்டத்தில் சேரும்போது: மலையகத்தில் குதிரை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் சவாரிக் குதிரையைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள், ரேஸில் ஓடி முடித்த குதிரையை வாங்கி வந்தவர்கள், தோட்டத்துப் பக்கம் இரண்டு மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் என்று பலர் என்னிடம் கேட்பவை இவை. கந்தப்பளைப் பக்கம் ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வைத்தியம் சம்பந்தமான எதையும் உங்கள் மிருக வைத்தியரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

குதிரைக்கும் மனிதருக்கும் ஆன்மிகத் தொடர்பு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் சொல்வேன். நம் ஆட்களுக்குக் குதிரை ஒன்றும் புதிது இல்லை. அய்யனாருக்கு மண்குதிரை எடுத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கடல் தாண்டி வந்தபோது மதுரைவீரனையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்து தோட்டத்து மரத்தடியில் வைத்தார்கள். நடுச்சாமத்தில் வீரன் குதிரையில் மலை சுற்றுவார் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பகலில் அதே மலையைக் குதிரையில் சுற்றியது துரை. ஆகவே மலையகத்தில் குதிரை என்றால் பக்தியும் பயமும் சேர்ந்தே வரும். குதிரைமேல் இருந்தவரை அண்ணாந்து பார்த்துப் பழகிய சனம் நாங்கள்.

ஆனால் அந்தக் குதிரைக்குப் புல் வெட்டிப் போட்டு, உடம்பு தேய்த்துவிட்டு, இராத்திரி அது இருமினால் எழுந்து போய்ப் பார்த்த குதிரைக்காரரும் நம்மவர்தான். தொடர்பு என்று நான் சொல்வது அவருக்கு இருந்ததை. தியானம், சக்தி, அலைவரிசை என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேசட்டும். என் அனுபவத்தில், தன் இனத்தோடு நிம்மதியாக இருக்கிற குதிரைதான் மனிதரிடமும் நிம்மதியாக வரும். கூட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள். உங்களுக்கும் அதற்கும் இடையிலான விஷயம் அதற்குப் பிறகு தானாக நடக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் புதுக்குதிரையைச் சேர்ப்பது பற்றியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் மனதில் இருப்பது குதிரைக்குத் தெரியுமா?

மனது தெரியாது, உடம்பு தெரியும். ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஊரே அதிசயப்பட்டது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்டவர் தலை மயிரிழை அளவுக்கு அசையும், அந்த அசைவைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அந்த அசைவு கேட்டவருக்கே தெரியாது.

கணக்குத் தெரியாது என்று ஹான்ஸை மட்டம் தட்டியவர்கள் உண்டு. எனக்கோ இந்தப் பிராணி கணக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியம் வந்திருக்காது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு லாயத்துக்குப் போனால் என் பழைய பெட்டை ராணி கிட்ட வரமாட்டாள். என் தோள் எப்படி இருக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் அவள் பத்தடிக்கு அப்பாலேயே பார்த்துவிடுவாள்.

பழக எங்கிருந்து தொடங்குவது?

சும்மா நிற்பதிலிருந்து. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. ஆகவே நேராக முகத்துக்குக் கை நீட்டாமல் தோள் பக்கமாக வாருங்கள். பிறகு நில்லுங்கள். அது தலையைத் திருப்பி உங்களை மோந்து பார்க்கட்டும்.

தட்டிக் கொடுப்பதைவிட சொறிந்து கொடுப்பது நல்லது. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. சரியான இடம் கிடைத்ததும் மேலுதடு நீண்டு ஒரு பக்கமாகக் கோணும், கண் பாதி மூடும். சில குதிரைகள் திரும்பி உங்கள் முதுகையும் பல்லால் சொறிய வரும். அன்போடுதான் செய்கிறது, ஆனால் வலிக்கும். தள்ளி நில்லுங்கள்.

ஒரே ஒரு குதிரை போதும் எனக்கு. தனியாக வளர்க்கலாமா?

வேண்டாம். குதிரை நின்றபடியே கண் அயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுக்க வேண்டும். காவலுக்கு இன்னொன்று நின்றால்தான் தைரியமாகப் படுக்கும். தனிக்குதிரை பல நாள் சரியாகப் படுக்காமலே இருந்து, நின்றபடி முழங்கால் மடிந்து விழப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். நம் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் வேறு இருக்கிறது. இரண்டாவது குதிரைக்கு வசதியில்லை என்றால் ஒரு ஆடாவது மாடாவது பக்கத்தில் இருக்கட்டும். குதிரைக்கு ஈடாகாது, தனிமைக்குப் பரவாயில்லை.

சுழி, நிறம், நல்ல நாள் எல்லாம் பார்க்க வேண்டுமா?

நாள் பாருங்கள், மனதுக்குத் திருப்தி. சுழி பார்த்து வாங்குகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் நெற்றிச் சுழியைப் பார்க்கிற அதே கண்ணால் குளம்பையும் பல்லையும் சாணத்தையும் பாருங்கள். வீரன் குதிரை என்று வெள்ளையைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வயதான வெள்ளைக் குதிரைகளுக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வருவது சாதாரணம். வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கீழேயிருந்து லொறியில் ஏற்றி வருகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தலையை உயர்த்திக் கட்டிவிடாதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசும் சளியும் வெளியே வரும். மணிக்கணக்காக உயர்த்தியே வைத்திருந்தால் நுரையீரலில் காய்ச்சல் பிடிக்கும். இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ரம்பொடை வளைவுகளில் மெதுவாக வரச் சொல்லுங்கள். 1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேற வந்தபோது அவருடைய குதிரை வண்டி மலைப்பாதையில் பள்ளத்துக்குள் உருண்டுபோனது. பாதை இப்போது நல்ல பாதைதான், ஓட்டுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வந்த அன்றைக்கே கூட்டத்தில் விட்டால் என்ன?

மாணிக்கவாசகர் கதை தெரியுமல்லவா? பாண்டியனுக்குக் குதிரை வந்தது. ஈசனே குதிரைச் சேவகனாக வந்து ஒப்படைத்தார். பார்க்க அத்தனை அழகு. அன்றைக்கே லாயத்தில் கட்டினார்கள். இராத்திரி அவை நரிகளாக மாறி, பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிட்டன. அது திருவிளையாடல். ஆனால் புதுக்குதிரையை அன்றைக்கே பழையதோடு கட்டாதே என்று குதிரைக்காரர்கள் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

இங்கே நரி என்பது நோய். ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒன்று இருக்கிறது: முதலில் காய்ச்சல், பிறகு மூக்கில் சீழ்ச்சளி, தாடைக்கு அடியில் கட்டி வீங்கி உடையும். தொற்றிய பிறகு வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம். அதனால் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். மற்றக் குதிரைகள் கண்ணில் தெரிகிற தூரம், ஆனால் மூக்கு மூக்கைத் தொட முடியாத தூரம். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் வேறு. பீலித் தண்ணீர் ஒரே தொட்டிக்குப் போகிறதா என்று பாருங்கள், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். பழைய குதிரைகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள். காலையும் மாலையும் உடல் வெப்பம் பாருங்கள். 37.5 முதல் 38.5 பாகைவரை சாதாரணம், அதற்கு மேலே போனால் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இந்த மூன்று வாரத்திலேயே பூச்சி மருந்து, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி இரண்டையும் முடித்துவிடலாம். குதிரைக்கு ஏற்பு மிகச் சுலபமாக வரும், ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத்தில் மூக்குத் துவாரத்தையும் பாருங்கள். மழை நாளில் புல் மேயும்போது அட்டை ஏறியிருக்கும்.

சரி, மூன்று வாரம் முடிந்தது. அறிமுகத்தை எப்படிச் செய்வது?

முதலில் வேலிக்கு வேலி. இரண்டு பக்கமும் வேலி, நடுவே சின்ன இடைவெளி. இரண்டொரு நாள் அப்படியே பார்த்துக்கொண்டு மேயட்டும். முள்கம்பி வேலி வேண்டவே வேண்டாம், குதிரைத் தோல் அதில் மாட்டினால் நீளமாகக் கிழியும்.

அடுத்து, கூட்டத்தில் இருக்கிற சாந்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதோடு மட்டும் புதியதை விடுங்கள். இந்தப் படி மிக முக்கியம், அவசரக்காரர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒரு துணை கிடைத்துவிட்டால் மற்றவற்றின் நடுவே போகும்போது அது ஒதுங்க ஒரு தோள் இருக்கும். லயத்துக்குப் புதுக்குடும்பம் குடிவந்தால் எல்லோரும் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு அக்கா போய் "தேத்தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்ட பிறகுதான் மற்றவர்களும் வருவார்கள். கூட்டத்தில் அந்த அக்கா யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் அது ராணி. ரேஸிலிருந்து வந்த கபில நிறக் குதிரை ஒன்றை அவளோடு விட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டும் கழுத்தை வளைத்துக்கொண்டு நடந்து வந்து மூக்கோடு மூக்கு வைத்தன. துவாரம் விரிந்து மூச்சு மாறி மாறிப் போனது. திடீரென்று ராணி வீறிட்டு முன்காலால் தரையை ஓங்கி அடித்தாள். அவன் பின்வாங்கி, அரை வட்டம் சுற்றி, மறுபடி வந்தான். மறுபடி மூச்சு, மறுபடி வீறிடல். மூன்றாவது முறை அவள் காது பின்னால் படிந்து, பின்புறத்தைத் திருப்பி, ஒரு காலை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். உதைக்கவில்லை. அவன் புரிந்துகொண்டு பத்தடி தள்ளிப் போய்த் தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அவளும் தலையைத் தாழ்த்தினாள். இரண்டு நாள் கழித்து இருவரும் எதிரெதிராக நின்று ஒருவர் முதுகை ஒருவர் கோதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம்தான் மற்றவற்றைச் சேர்த்தோம்.

முழுக்கூட்டத்தோடு விடும் நாளுக்கு முன்பு புதியதைக் கையில் பிடித்து அந்த இடம் முழுவதும் நடத்திக் காட்டுங்கள்: வேலி எங்கே, கான் எங்கே, சரிவு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே. துரத்தினால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். மூலைகளில் மாட்டிக்கொள்ளாதபடி முடிந்தால் கயிறு கட்டி வளைத்துவிடுங்கள். பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுங்கள், லாடம் உள்ள உதை எலும்பை உடைக்கும். காய்ந்த புல்லைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு குவியல் கூடுதலாக, தள்ளித் தள்ளிப் போடுங்கள். கொள்ளு, தவிட்டு வாளி எதையும் அன்றைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலையில் விடுங்கள், அந்தியில் விடாதீர்கள். தரை காய்ந்திருக்க வேண்டும். நீங்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

கீச்சிடுகிறது, துரத்துகிறது, கடிக்கிறது. எந்த இடத்தில் குறுக்கிடுவது?

வீறிடல், முன்காலால் தட்டல், காதை மடித்துத் துரத்தல், மயிர் பிடுங்கும் அளவுக்கு ஒரு கடி: இவை பேச்சுவார்த்தை. புதியது தள்ளிப் போனதும் பழையது நிறுத்துகிறதா என்று பாருங்கள். நிறுத்தினால் நல்லது நடக்கிறது என்று அர்த்தம். தள்ளிப்போன பிறகும் விடாமல் துரத்தினால், மேயவோ தண்ணீர் குடிக்கவோ விடாவிட்டால், மூலையில் நிறுத்தி இரண்டு பின்னங்காலாலும் உதைத்தால், பிரித்துவிடுங்கள். வெறுங்கையோடு நடுவில் போகாதீர்கள். வாளியைத் தட்டி ஒன்றை அப்பால் கூப்பிட்டு வாசலை மூடுங்கள். பிறகு துணைக்குதிரைப் படிக்கே திரும்பிப் போக வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். சில கூட்டத்தில் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஒழுங்காக அமைய சில வாரம் பிடிப்பதுதான் வழக்கம். பொலிக்குதிரை விஷயம் முற்றிலும் வேறு. பெட்டைகள் இருக்கும் கூட்டத்தில் அதை அனுபவமில்லாமல் சேர்க்காதீர்கள்.

கூட்டத்துக்கு நானே தலைவனாக இருக்க வேண்டும் என்கிறார்களே?

உங்களைக் குதிரை என்று எந்தக் குதிரையும் நினைக்காது, தலைமைக் குதிரை என்பது அதற்கு அப்புறம். கூட்டத்திலும் ஒரே தலைவர் கிடையாது. தண்ணீருக்கு முதலில் போகிறது ஒன்று, ஆபத்தில் முதலில் ஓடுகிறது ஒன்று, புல் குவியலில் மற்றவற்றை விரட்டுகிறது இன்னொன்று. நம்பி நடப்பது பெரும்பாலும் அமைதியான ஒரு பெட்டையின் பின்னால்தான், விரட்டுகிறவனின் பின்னால் இல்லை. மனிதன் தலையிடாத கூட்டத்தைப் பார்க்க ஆசையிருந்தால் நெடுந்தீவுக்குப் போங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே குதிரைகள் தம் பாட்டில் வாழ்கின்றன. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் அதட்டிப் பழக்குகிறவர்கள் சொல்கிற பாதிக்கு மேல் பொய் என்று தெரியும்.

ரேஸ் குதிரை என்றால் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பொறுமை கூடுதலாக வேண்டும். இங்கே ஓடும் ரேஸ் குதிரைகளில் பல இந்தியாவிலிருந்து வந்தவை. பெட்டி போன்ற அறையில் தனியாக நின்று, தானியம் தின்று, ஓடி, மறுபடி அறைக்குள் போன வாழ்க்கை. மற்றக் குதிரையின் காது என்ன சொல்கிறது என்பதே சிலதுக்கு மறந்திருக்கும், விலகிப் போக வேண்டிய இடத்தில் விலகாமல் அடி வாங்கும். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிருக்கு அதன் மெல்லிய தோல் பழக நாள் எடுக்கும். மழையில் நனைந்து காற்றில் நின்றால் போர்வை போடுங்கள்.

இங்கே கிடைக்கிற புல்லும் மரக்கறியும் போதாதா?

புல்தான் பிரதானம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த தீவனம் ஒரு நாளைக்கு வேண்டும். நம் மலைகளில் பரவிக் கிடக்கும் கிக்கூயு புல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிலுள்ள ஒக்சலேட் சுண்ணச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அவ்வளவு தெரியாது. குதிரைக்கு அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணச்சத்து கரைந்து முகம் வீங்கும், நொண்டும். வேறு புல்லும் கலந்து கொடுங்கள், சுண்ணச்சத்து எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து பகலில் நல்ல வெயில் அடிக்கும் நாட்களில் புல்லில் சர்க்கரை ஏறும். கொழுத்த மட்டக்குதிரைக்கு அதனால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும்.

கரட் கொடுக்கலாம், நீளவாக்கில் வெட்டி. வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கும். தோட்டத்தில் கழிக்கிற லீக்ஸ் இலையைக் கொட்டாதீர்கள். அது வெங்காயச் சாதி, குதிரையின் இரத்தத்தைக் கெடுக்கும். கோவா வயிற்றில் வாயு. உருளைக்கிழங்கும் பட்டர் ஃப்ரூட்டும் வேண்டாம். வேலியோரத்து உண்ணிச்செடி, ஊமத்தை இரண்டையும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

வரவேற்க ஒரு பூசை செய்யலாமா?

தாராளமாக. நாங்களும் செய்கிறோம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, முனியாண்டிக்கு ஒரு தேங்காய். கற்பூரத்தைத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள், புதியதுக்கு நெருப்பும் புகையும் பயம். தேங்காயை உடைப்பதும் அதன் காதருகே வேண்டாம்.

மாலை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கோயில் மாலையில் அரளிப்பூ இருக்கும். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே குதிரைக்கு நஞ்சு. ஒரு கைப்பிடி இலைகூட வேண்டாம், இதயம் நின்றுவிடும். காய்ந்த பிறகும் நஞ்சு போகாது. சாமிக்குப் போட்ட மாலையைக் குதிரைக்குப் போடாதீர்கள், லாயத்துப் பக்கம் எறியவும் வேண்டாம். செவ்வந்தி போதும். அதையும் பக்கத்தில் நிற்கிற குதிரை தின்றுவிடும்.

கூட்டத்தில் ஒன்று இறந்துபோனால் உடனே புதியதைக் கொண்டுவரலாமா?

முடிந்தால் மற்றவை உடலைப் பார்த்து மோந்துவிட்டுப் போக விடுங்கள். பார்க்காத குதிரைகள் நாட்கணக்கில் கனைத்துத் தேடும், பார்த்தவை சீக்கிரம் அடங்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். சித்தார்த்தரைப் பிரிந்த அவருடைய குதிரை கந்தகன் துக்கத்தில் உயிர்விட்டது என்கிறது பௌத்த மரபு. எங்கள் கூட்டத்தில் அந்தளவுக்குப் போனதில்லை, ஆனால் தீனி குறைக்கும், தனியே நிற்கும். மிஞ்சியது ஒன்றே ஒன்று என்றால் தாமதிக்காமல் துணை தேடுங்கள். மூன்று நான்கு மிஞ்சியிருந்தால் அவை தம் ஒழுங்கை மறுபடி அமைத்துக்கொள்ளும்வரை பொறுங்கள்.

எந்த மாதத்தில் கொண்டுவருவது நல்லது?

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. தரை ஓரளவு காய்ந்திருக்கும், துரத்தினாலும் வழுக்காது. ஏப்ரல் சீசனில் வேண்டாம்: புத்தாண்டுப் பட்டாசு, வாகன நெரிசல், வேலியில் தொங்கிக்கொண்டு கரட் நீட்டுகிற விருந்தாளிகள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சரிவெல்லாம் சேறு. அப்போதுதான் வாங்கக் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள், ஆனால் தனிமை நாட்களை நீட்டி, மழை விட்ட பிறகு கூட்டத்தில் விடுங்கள்.